வாய் முளைத்த செண்டுமல்லி

ஆலவலசில் செண்டுமல்லி வாயைத் திறந்து பேசிய வருஷத்தை அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் 'நாகஜோதி கத்திரி போட்ட வருஷம்' என்றுதான் சொல்கிறார்களே தவிர, பூ பேசியதைப் பெரிய விஷயமாக எடுத்துச் சொல்வதில்லை. ஏனென்றால் நாகஜோதி வீட்டுக் கோழியே எதிர்த்துப் பேசும் என்று நம்பிய ஊர் அது. அவள் விதைத்த பூ பேசாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

நாகஜோதிக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, தலையில் ஒரு கூடை, வாயில் எந்நேரமும் ஒரு வசவு. கெட்ட மனசு கிடையாது, சிரித்துக்கொண்டேதான் திட்டுவாள். கொசுவைத் திட்டுவாள், குழாயில் வராத தண்ணீரைத் திட்டுவாள், நிறுத்தாமல் போன மினிபஸ்ஸை அது ஒட்டன்சத்திரம் போய்ச் சேருகிறவரைக்கும் திட்டுவாள், திரும்பி வருகையில் அதே மினிபஸ் கண்டக்டருக்கு மடி நிறையக் காய் கொடுத்து அனுப்புவாள். அவள் புருஷன் சிவனாண்டி இதற்கு நேர்மாறு. ஆடு முட்டித் தள்ளினால்கூட எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு "பாத்துப் போ சாமி" என்று ஆட்டுக்கு வழிவிடுகிற ஆள்.

அந்த சிவனாண்டிதான் சித்திரை வெயிலில் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு கத்திரிக்கு மருந்தடித்தபோது, காற்று திரும்பி முகத்தில் அடித்த மருந்தைத் துண்டால் துடைத்துவிட்டு அடித்து, மறுபடி துடைத்துவிட்டு அடித்து, கடைசியில் துடைக்கக் கை வராமல் வாய்க்காலில் குப்புற விழுந்து நுரை தள்ளினான். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்த டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே நாகஜோதியிடம் சொன்னாள்: "இனிமே இந்தாளு மருந்து டேங்கைத் தொட்டா, என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க. நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிருங்க. நடுவுல எதுக்கு ஒரு ஆட்டோ?"

நாகஜோதிக்கு அந்த டாக்டரம்மாவை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

ஆனால் மருந்தடிக்காமல் கத்திரி வைக்க முடியுமா? வெள்ளை ஈ ஒரு பக்கம், அசுவினி ஒரு பக்கம், தண்டைத் துளைத்துக் காய்க்குள் போய்க் குடும்பம் நடத்துகிற புழு ஒரு பக்கம். இருந்த ஒரு துண்டு நிலத்தில் கத்திரியைத் தவிர வேறு வைத்துப் பழக்கமுமில்லை. "புழு ஏறுனா நான் என்ன தாலாட்டா பாட முடியும்? டேங்கைத்தான் எடுக்கணும்" என்றான் சிவனாண்டி, கட்டிலுக்கு அடியில் கிடந்த டேங்கைப் பார்த்தபடி. "நீ டேங்கை எடு மாமா, நான் உலக்கையை எடுக்கறேன். எதுல சாகுறதுன்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றாள் அவள்.

மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு தரம் வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்த பெண் ஒருத்தி, கத்திரிக்கு நடுவே செண்டுமல்லி நட்டால் வாடைக்கே வெள்ளை ஈ கிட்ட வராது, வேரடியில் நூற்புழு தங்காது என்று சொன்னதை நாகஜோதி பாதித் தூக்கத்தில் கேட்டிருந்தாள். விதைக்கு எங்கே போவது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தவள், செத்துப்போன மாமனார் படத்தில் காய்ந்து தொங்கிய செண்டுமாலையைக் கழற்றி உதறினாள். கறுப்பு ஊசிக்கு வெள்ளைக் குஞ்சம் கட்டின மாதிரி விதை கொட்டிற்று. மாமனார் உயிரோடு இருந்தபோது ஊரையே வசவால் உழுத மனிதர். பிற்பாடு, அவர் படத்து மாலை விதை அல்லவா, வேறு எப்படி இருக்கும் என்று காரணம் சொன்னவர்கள் உண்டு. காரணம் சொல்வதற்கு ஆலவலசில் ஆள் பஞ்சம் வந்ததே இல்லை.

நிஜக் காரணம் வேறு என்று நாகஜோதிக்குத் தெரியும். அந்த ஊரில் விதை போடுகிறவர்கள் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டுதான் விதை போடுவார்கள். கடைசி விதையை மூடுகிறவரை துப்பவும் கூடாது, விழுங்கவும் கூடாது. விதைக்கு உடம்பெல்லாம் காது, பேசினால் பேச்சைக் குடித்துவிடும் என்பார்கள். நாகஜோதியும் ஒரு சொம்புத் தண்ணீரில் பாதியை வாயில் அடக்கிக்கொண்டு, நாற்றுக் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கொன்றாக விதையைப் படுக்கவைத்து மேலே லேசாகத் தூவிக்கொண்டு வந்தாள். இடுப்பிலிருந்த பாப்பா யாழினி, அம்மாவின் கன்னம் இப்படி உப்பி என்றைக்குப் பார்த்தது? என்னமோ ஏதோவென்று அவள் மூக்குக்குள் விரலை விட்டது. தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வெளியே வந்தது, அதன் பின்னாலேயே அடைத்துவைத்திருந்த பேச்சும் வந்தது.

பிறகு எதற்கு மூடுவது? மிச்ச விதையெல்லாம் நாகஜோதி பேசிக்கொண்டே போட்டாள். வெள்ளை ஈயின் பிறப்பைப் பற்றிப் பேசினாள். காய்ப்புழுவின் சாப்பாட்டு முறையைப் பற்றிப் பேசினாள். புருஷன் விழுந்து கிடந்த வாய்க்காலை, அவனுக்கு மருந்து எடுத்துக் கொடுத்த கடையை, கூப்பிட்டும் ஏனென்று கேட்காத சாமியை, ஒன்றுவிடாமல் பேசினாள். பேசி முடித்துத் தட்டு மேல் சாக்கைப் போட்டு மூடி, உள்ளே போய்ச் சோறு தின்றாள். நன்றாகப் பசித்திருந்தது.

விதை குடித்ததைச் செடி உடனே கக்கவில்லை. முளைத்தது, நாலு இலை விட்டது, கத்திரி வரிசைகளுக்கு இடையிலும் வரப்போரமும் நட்டதும் நல்ல பிள்ளையாய் வளர்ந்தது. பக்கக் கிளை நிறைய வரட்டும் என்று அவள் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டாள். ஒன்றைக் கிள்ளினால் ரெண்டு வெடித்து வந்தது. ஒவ்வொன்றும் ஒரு வாய் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைத்துக் கிள்ளியிருப்பாளோ என்னவோ.

முதல் பூ விரிந்த காலையில் அவள் வாசலில் குத்தவைத்துப் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். கத்திரிக் காட்டிலிருந்து சிவனாண்டி ஓடி வந்தான்.

"ஏ புள்ள, நீ இங்கயா இருக்க?"

வாயில் பிரஷ்ஷோடு ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப அங்க கத்திரிக்குள்ள நின்னுக்கிட்டு வையிறது யாரு?"

போய்ப் பார்த்தார்கள். பாக்கு அளவில் பாதி விரிந்த ஆரஞ்சுப் பூ, அச்சு அசல் நாகஜோதி குரலில், ஒரு கத்திரி இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. "எந்திரிடா சோத்துமூட்டை. உங்கப்பன் உழுதானா, உங்காத்தா தண்ணி கட்டுனாளா? பந்தி விரிக்கிறதுக்கு முந்தி இலையையே திங்கிற எடுபட்ட பயலே. கூட்டம் கூட்டமா வந்திருக்கானுங்க பாரு, கல்யாண வீடுன்னு நெனப்பு."

இலைக்கு அடியிலிருந்த வெள்ளை ஈக்கள் மாவு உதறின மாதிரி எழுந்தன. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. பிறகு, பந்தியில் பேர் சொல்லி எழுப்பிவிடப்பட்ட சம்பந்தி வீட்டார் போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கிழக்கே போயின. மறுநாள் இன்னும் நாலு பூ விரிந்தது. தண்டுக்குள் கிடந்த புழு, சத்தம் தாங்காமல் ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, சுற்றிலும் பார்த்து, இறங்கி மெல்ல நடந்து வரப்பைத் தாண்டிற்று. "திரும்பிப் பாக்காமப் போ. பாத்தேன்னா இன்னும் இருக்கு" என்று அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பூ சொன்னது. தேனீ வந்தால் மட்டும் குரலே மாறிவிடும். "வாடி ராசாத்தி, வேலைக்கு வந்தவளா? வா வா. அந்தப் பக்கம் பூத்திருக்கு பாரு, அங்க போ."

சிவனாண்டி வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஒரு வகையில நல்லதுதான்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

ஊர் அதை எடுத்துக்கொண்டது. டீக்கடையில் பேப்பரை விரிக்கும் முன்னால் "இன்னிக்கு என்ன சொல்லுச்சாம்?" என்று கேட்கிற வழக்கம் வந்தது. களையெடுக்கப் போகிற பெண்கள் நாகஜோதி வரப்பில் கூடையை இறக்கிவைத்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, புது வசவாக ஏதாவது வந்தால் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் அல்லி வட்டம் புல்லி வட்டம் காட்டப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, "கண்ணால மட்டும் பாருங்க, காதைப் பொத்திக்கங்க" என்றார், பொத்திய கைகளில் எல்லாம் விரல் சந்து இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாருக்கு ஒரு எதிர்வார்த்தை சொல்ல வராமல் தொண்டை வீங்கிக் கிடந்த தேனம்மாள், தினமும் வந்து உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, ஒரு நாள் வீட்டுக்குப் போய் ஒரே ஒரு வசவை ஒழுங்காக எடுத்துவிட்டாள். அன்றைக்கிலிருந்து அந்த வீட்டில் மாமியார் சாப்பிட்ட தட்டை மாமியாரே கழுவுகிறாள், இரண்டு பேருக்கும் உடம்பு தேவலை.

யாரும் கேட்காமல் ஒரு காயைக் கிள்ளிவிட முடியாது என்பது மட்டும்தான் கொஞ்சம் சங்கடம். வார்டு மெம்பர் பழனிவேலு அந்தி வெளிச்சத்தில் சும்மா பார்க்கிற மாதிரி குனிந்து ஒரு காயைத் தொட்டார். "ஓட்டு வாங்கித் தின்னது பத்தலையா?" என்று செடியெல்லாம் ஒரே குரலில் கேட்டதும், தொட்ட காயைத் தடவிக்கொடுத்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகஜோதி காட்டிலிருந்து மானம் போய்க் கிளம்பின பூச்சிகள் எங்கே போகும்? அடுத்த காட்டுக்குப் போயின. அதனால் எல்லோரும் விதைக்கு வந்தார்கள். முற்றிக் காய்ந்த பூவாகப் பார்த்து ஒடித்து எல்லோருக்கும் கொடுத்து, "தண்ணிய முழுங்கிட்டு வாயைத் தொறந்து போடுங்க" என்று சொல்லியும் அனுப்பினாள். சொல்லிக் கொடுத்தால் வருகிற வித்தையா அது?

மங்கையர்க்கரசி ஊரிலேயே நல்ல வாய். பிச்சைக்காரரைக்கூட ஐயா என்பாள். விதைத்தட்டின் முன் உட்கார்ந்து திட்டத்தான் பார்த்தாள், நாக்கு மடங்கவில்லை. வந்தது வேறு. அவள் வெண்டைக்காட்டில் பூத்த செண்டெல்லாம், "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் சாப்பிடாமப் போகக் கூடாது" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டது. சொந்த வீட்டில்கூட அப்படி ஒரு மரியாதையைப் பூச்சிகள் பார்த்ததே இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகுட்டியோடு வந்து தங்கின. மொட்டை மொட்டையாய் நின்ற வெண்டையைப் பார்த்து மங்கையர்க்கரசி அழுதபோது, "அழாதீங்கம்மா, நீங்களும் உக்காருங்க, சேந்து சாப்பிடலாம்" என்றது பூ.

பஜனை மடத்துச் சொக்கலிங்கத்தின் பூக்கள் பதிகம் பாடின. புழுக்கள் கண்ணை மூடிக் கேட்டன, வாயை மூடவில்லை. பழனிவேலுவின் பூக்களோ, அனைத்துப் பூச்சிகளுக்கும் விரைவில் மாற்று இடம் வழங்கப்படும் என்று காலை மாலை அறிவித்தன. பூச்சிகள் நம்பிக்கையோடு அங்கேயே தின்றுகொண்டு காத்திருந்தன.

கடைசியில் தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நாகஜோதி வீட்டுக்கே வந்தார்கள். அவள் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே, வந்த தட்டையெல்லாம் வரிசையாக வைத்து விதை போட்டு மொத்தமாகத் திட்டி அனுப்பினாள்.

இதில் சிரிக்காத ஒரே ஆள் ரத்தினசாமி. ஊரில் பூச்சிமருந்துக் கடை அவருடையது. கடைக்கு ஆள் வரத்து நின்று, டப்பாக்களுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து பழைய காலண்டரால் விசிறிக்கொண்டிருந்தார். கடைக்காரர் மட்டும் என்றால் ஊர் அவரைப் பெரிதாக மதித்திருக்காது. அவர் சாமியாடி. உச்சிகாளியம்மன் அவர்மேல்தான் இறங்குவாள், வருஷா வருஷம் பூத்திருவிழாவில் அவர் வாயால்தான் ஊருக்கு வாக்குச் சொல்வாள். ஆத்தா இறங்கிய நேரத்தில் ஊர்த்தலைவரே அவர் காலில் விழுவார். அந்த ஒரு நாளுக்காகவே மற்ற நாளெல்லாம் உயிர் வாழ்கிற மனிதர்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று கோயில் முன்னால் கூட்டம் கூட்டினார்கள். ஊர்த்தலைவர் பெரியநாயகம் தொண்டையைச் செருமினார்.

"தாயி, உன் பூவை நாங்க குறை சொல்லலை. ஆனா ஆத்தா சப்பரம் உன் வரப்பை ஒட்டித்தான் போகணும். ஆத்தா காதுல வசவு விழுந்தா ஊருக்கு ஆகுமா?"

"அதுக்கென்ன பெரியப்பா, சப்பரத்தை மேலச் சந்துல திருப்புங்க."

"ஆத்தா, உன் பூவுக்குப் பயந்து சந்துல போகணுமா?" என்று எழுந்தார் ரத்தினசாமி.

"ஏண்ணே, உங்க மருந்துனால என் வீட்டுக்காரர் சுடுகாட்டு வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தாரு. ஆத்தா ஒரு சந்துல போய்ட்டு வரக் கூடாதா?"

கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டு, சாமி குற்றம் என்றதும் பயந்தது. நாகஜோதியின் பூவால் பிழைத்தவர்கள்கூடக் கீழே பார்த்துக்கொண்டார்கள். முடிவில் சொன்னார்கள்: சப்பரம் தாண்டிப் போகிறவரை அவள் காட்டில் எல்லாப் பூவும் வாயை மூடியிருக்க வேண்டும். ஒரு பூ வாயைத் திறந்தாலும் அந்த இடத்திலேயே வேரோடு பிடுங்கி எறியப்படும், அவள் காட்டில் மட்டுமல்ல, ஊர் முழுக்க.

வீட்டுக்கு வந்தாள். சிவனாண்டி தொட்டிப் பக்கம் உட்கார்ந்து டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா பண்ற?"

"சும்மாதான். தூசியா இருந்துச்சு."

"தூசி தொடைக்கிறதுக்கா கை இப்படி நடுங்குது?"

அவன் டேங்கின் வாயைத் திருகி மூடினான். "காய்ப்பு ஏறுற நேரம் ஜோதி. பூ போச்சுன்னா விரட்டுனதெல்லாம் பழிவாங்கத் திரும்பி வரும். மூக்குல ரெண்டு சுத்து துணியக் கட்டிக்கிட்டு அடிச்சிட்டா முடிஞ்சது. பாப்பாவுக்குச் சோறு வேணும்ல."

நாகஜோதி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்குத் திட்ட வராமல் போனது அன்றைக்குத்தான். சிவனாண்டிக்கே அது பயமாக இருந்தது. "ஏ புள்ள, ஏதாவது சொல்லேன்" என்று கெஞ்சிப் பார்த்தான்.

அவள் காட்டுக்குப் போய்ப் பூக்களின் முன்னால் நின்றாள். "சாமி வருதுடி. ஒரு பொழுது, ஒரே ஒரு பொழுது வாயை மூடிக்கிட்டு இருந்தீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"புண்ணியத்தை நீயே வச்சுக்க. மொதல்ல தண்ணிய விடு, வேரு காயுது" என்றன பூக்கள். பெற்ற பிள்ளைகள் மாதிரிதான், அவளிடம் கற்றதை அவளுக்கே திருப்பின. வீட்டிலிருந்த சேலையெல்லாம் நனைத்துக் கொண்டுவந்து செடிமேல் போர்த்தினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள், கூட்டத்தில் தலை குனிந்த வெட்கத்துக்குப் பரிகாரமாக, ஆளுக்கொரு சேலை கொடுத்தார்கள். தேனம்மாளின் மாமியார்கூடத் தன் கூறைப்புடவையைத் தூக்கிக் கொடுத்தாள்.

திருவிழா அன்று பிற்பகல் சப்பரம் வந்தது. பம்பையும் உருமியும் முன்னால், பூவாடையும் சூடப்புகையும் பின்னால், நடுவில் மஞ்சள் வேட்டியும் சலங்கையுமாய்த் துள்ளிக்கொண்டு ரத்தினசாமி. ஊரே கூட வந்தது. பாதிப் பேர் வேடிக்கைக்கு, பாதிப் பேர் பிடுங்குவதற்கு. நாகஜோதி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். சேலைகளுக்கு அடியில் செண்டுமல்லிகள் மூச்சுவிடாமல்தான் கிடந்தன, சப்பரமும் முக்கால்வாசி தாண்டிவிட்டது. கடைசி வரப்பில் ரத்தினசாமி ஒரு சுற்றுச் சுற்றியபோது கையிலிருந்த சூலம் கூறைப்புடவையில் மாட்டிற்று. அது மாட்டியதா, அவர் மாட்டினாரா என்பதில் ஊருக்குள் இன்னும் ரெண்டு கட்சி. புடவை சரிந்தது. அடியில் ஒரு பெரிய பூ, கொட்டாவி விட்டமாதிரி நன்றாக விரிந்து, நேரே உச்சிகாளியைப் பார்த்தது.

"வந்துட்டாளா பட்டுச் சேலையில! கூழு குடிக்க வந்தியா, கெடா வெட்டு திங்க வந்தியா? திங்கிறப்ப மட்டும் வாசல்ல வந்து நிக்கிறியேடி. என் புருஷன் அந்தா, அந்த வாய்க்கால்ல மூஞ்சி குப்புறக் கெடந்து நுரை தள்ளுனப்ப எங்கடி போயிருந்த? கோயில் இருக்கிறது கூப்பிடு தூரம். தொண்டை கிழியக் கத்துனனே, கேக்கலையா? இல்ல உனக்கும் மருந்து குடிச்சு மயக்கமா?"

பம்பை நின்றது. உருமி நின்றது. சூடம் மட்டும் எரிந்தது. விதை போட்ட அன்று இதையெல்லாமா பேசினோம் என்று நாகஜோதி பிள்ளையின் காதைப் பொத்தினாள். பேசியிருந்தாள். ஒரு வார்த்தை குறையாமல் பேசியிருந்தாள்.

பெரியநாயகம் கையைத் தூக்கினார். முன்வரிசையில் நின்றவர்கள் பிடுங்கக் குனிந்தார்கள். அந்த நேரத்தில் ரத்தினசாமியின் ஆட்டம் சட்டென்று அடங்கியது. எத்தனையோ வருஷமாய் அவர் ஆடி ஊர் பார்த்திருக்கிறது, இப்படி அடங்கிப் பார்த்ததில்லை. சூலத்தைக் கீழே வைத்தார். வேட்டியைச் சேலை போலக் காலுக்கிடையே ஒடுக்கிக்கொண்டு, களைத்துப்போன பெண்பிள்ளை மாதிரி வரப்பில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தபோது வந்த குரல் பெண்குரல்.

"கையை எடுங்கடா" என்றது குரல். கைகள் எடுக்கப்பட்டன. பிறகு அது பூவைப் பார்த்து, "இன்னும் சொல்லு" என்றது.

பூ இன்னும் சொன்னது. மழையைப் பற்றிச் சொன்னது, சிவனாண்டியின் கைநடுக்கத்தைப் பற்றிச் சொன்னது. ஆத்தா தாடையில் கைவைத்துக் கேட்டாள். நடுவில் "அது என் தப்பு இல்லடி, அதுக்கு வேற டிபார்ட்மென்ட்" என்று ஒரு தரம் குறுக்கே பேசினாள். பூ விடவில்லை. "போடி பெரிய இவ" என்றாள் ஆத்தா. "நீ போடி" என்றது பூ. அடுத்த நொடி வரப்பே குலுங்க ஆத்தா சிரித்தாள்.

"என்கிட்ட ஒருத்தி ஒழுங்காப் பேசி எத்தனை காலமாச்சு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தாயே மாயேன்னு வர்றான், குடு குடுங்கிறான், போயிர்றான். உரிமை இருக்கிறவதானடா திட்டுவா? கேட்டுக்கங்க எல்லாரும். இந்தப் பூவைத் தொட்டவன் வீட்டுல அடுப்பு எரியாது. இன்னொண்ணு." குரல் தணிந்தது. ஆத்தா தான் இறங்கியிருந்த உடம்பைத் தானே குனிந்து பார்த்து முகம் சுளித்தாள். "இந்தாளு மேல வந்து வந்து எனக்கே தலை சுத்துது. தோளு, மசுரு, வேர்வை எல்லாம் ஒரே மருந்து நாத்தம். வந்த புள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை நின்னு சொல்ல முடியலை, குமட்டிக்கிட்டு ஓடிப்போறேன். அடுத்த வருஷமும் இவன் அந்தக் கருமத்தைத் தொட்டுக்கிட்டுத் திரிஞ்சான்னா, நான் வேற ஆளைப் பாத்துக்குவேன். சொல்லிருங்க இவன்கிட்ட."

சொல்லிவிட்டு அந்தப் பெரிய பூவைக் காம்போடு கிள்ளிக் காதோரம் செருகிக்கொண்டு எழுந்தாள். கோயில் போய்ச் சேருகிறவரைக்கும் பூ காதுக்குள் திட்டிக்கொண்டே போயிற்று, ஆத்தா தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டே போனாள்.

கோயில் வாசலில் தண்ணீர் தெளித்து ஆத்தாவை மலையேற்றி அனுப்பினார்கள். ரத்தினசாமி கண்ணைத் திறந்தார். உடம்பெல்லாம் வேர்வை. ஆத்தா மலையேறினதும் கேட்கிற வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஆத்தா என்ன சொன்னா?"

ஊர்த்தலைவர் கோபுரத்தைப் பார்த்தார். பழனிவேலு செல்போனைப் பார்த்தார். யாரும் வாயைத் திறக்காததால் நாகஜோதி அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், திட்டாத குரலில் சொன்னாள்.

ரத்தினசாமி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஊரே பார்க்கத் தன் தோளைத் தானே மோந்து பார்த்தார்.

"நெசந்தான்" என்றார்.

கடையையும் ஆத்தாவையும் தராசில் வைத்துப் பார்க்க அவருக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது. காலையில் கடைப்பலகையை எடுத்து வைத்தபோது டப்பா எதுவும் இல்லை, அடுக்கடுக்காய்க் குழித்தட்டுதான் இருந்தது. ஆனால் அவரே விதை போட்ட முதல் தட்டில் பூத்த செண்டெல்லாம் "இருக்கு, வேற என்ன வேணும், வேற என்ன வேணும்" என்று பூச்சிகளைக் கேட்டதால், இரண்டாம் தட்டிலிருந்து அவரும் நாகஜோதி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார். உச்சிகாளி திருவிழாவில் புது முறை ஒன்று சேர்ந்திருக்கிறது. மாலை சாத்துவதற்கு முன்னால் பெண்கள் எல்லோரும் சப்பரத்தைச் சுற்றி நின்று, அந்த வருஷத்துக் குறையையெல்லாம் வாய்விட்டுத் திட்டித் தீர்க்கிறார்கள். மங்கையர்க்கரசிக்கு இன்னும் வரவில்லை, முயற்சி பண்ணுகிறாள்.

கதை சொல்கிறவர்கள் முடிக்கிறபோது கத்திரிக்காய் காய்த்தது என்று ஒப்புக்குச் சொல்லிவைப்பார்கள். இங்கே நிஜமாகவே காய்த்தது, முள்ளும் காம்புமாய், ஒரு சொத்தை இல்லாமல், செடி தாங்காமல். டேங்கை சிவனாண்டி தானே கொண்டுபோய் பழைய இரும்புக்காரனிடம் போட்டு, மாற்றாக ஒரு பிளாஸ்டிக் பூவாளி வாங்கி வந்தான்.

காய் பறிப்பு ஏறிய ஒரு நாள் நாகஜோதி வீட்டில் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். உச்சிவெயிலில் புருஷன் காட்டில் நிற்கிறானே, தலை சுற்றுமே, போய் ஒரு சத்தம் போட்டுவிட்டு வரலாம் என்று கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்குள் காட்டிலிருந்து அவள் குரலே கேட்டது. ஒரு பூவல்ல, காடு முழுக்க.

"என்னய்யா கம்பமாட்டம் நிக்கிற? மூஞ்சி வெளுத்திருக்கு, தெரியலையா? காயை யாரும் கொண்டு போயிர மாட்டாங்க, நாங்க எதுக்கு இருக்கோம்? மொதல்ல அந்த வேம்புக்கு அடியில உக்காருய்யா. உக்காருன்னா உக்காரணும்."

நாகஜோதி கரண்டியை எடுத்து தோசையைத் திருப்பினாள்.

சிவனாண்டி உட்கார்ந்தான்.